‘ஆம்’ என்று எழுதிய பிறகு

வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில், கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கேள்வி இருக்கும். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா, எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. பலருக்கு அது கண்ணிலேயே படாது. பேனா தானாக ‘இல்லை’யில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எனக்குப் படிவமே அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. நான் ‘ஆம்’ போட வேண்டியவன்.

என்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர் மனசு கடைசி வரை அதையே தேடிக்கொண்டிருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருந்தேன். ஏலச் சீட்டில் விட்டதைச் சரிக்கட்டக் கம்பெனிப் பணத்தை எடுத்தேன், வராத சரக்குக்கு வவுச்சர் போட்டு மறைத்தேன், ஆடிட்டில் மாட்டினேன். இந்திய தண்டனைச் சட்டம் 408, 477-ஏ. ஓராண்டு தண்டனை. 2017 ஜூனில் மேல்முறையீடு தள்ளுபடியாகிக் கோவை மத்திய சிறைக்குப் போனேன், அடுத்த வருடம் வெளியே வந்தேன். ஊரில் இருந்த காட்டை விற்றுப் பணத்தை வட்டியோடு கட்டியாகிவிட்டது. இதில் நியாயப்படுத்த ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. கணக்கில் தப்பு செய்து தண்டனை அனுபவித்த ஒருவன் மறுபடியும் கணக்கு எழுதப் போவது எப்படி, அப்படிப் போக அவனுக்கு இந்த நாட்டில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது.

சிறையில் மறுவாழ்வு என்று ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். தமிழ்நாட்டுச் சிறைகளில் தறி உண்டு, தையல் உண்டு, பேக்கரி உண்டு. பிறகு சிறைத்துறை இந்தியன் ஆயிலோடு சேர்ந்து பெட்ரோல் பங்குகளையும் திறந்தது, தண்டனைக் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள், கூட்டமும் நன்றாக வருகிறது, அளவு சரியாக இருக்கும் என்று அங்கேதான் போடுவேன் என்கிறவர்களை எனக்குத் தெரியும். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும், உள்ளே வருகிறவனுக்குத் தொழில் தெரியாது, வெளியே போகும்போது கையில் ஒரு தொழிலைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம்தான் அடியில் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழில் தெரிந்து, அந்தத் தொழிலிலேயே தப்பு செய்து உள்ளே வந்தவனை என்ன செய்வது? ஆசிரியர், நர்ஸ், பேங்க் கேஷியர், சர்வேயர் என்று இப்படிப்பட்டவர்கள் என் பிளாக்கிலேயே சிலர் இருந்தோம். எங்களிடம் யாரும் வெளியே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டதில்லை. படித்தவன், எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார்கள்.

படித்தவனுக்கு உள்ளே ஒரு வேலை தானாக வந்து சேரும். மற்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பது. பரோல் கேட்டு, மருத்துவமனைக்குப் போகக் கேட்டு, ஜாமீன் மனு என்ன ஆச்சு என்று சட்ட உதவி வக்கீலைக் கேட்டு, வீட்டுக்கு. எழுதிய மனுக்களில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாக இருந்த ஒரு பையன், காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ‘அண்ணா, கேஸ்ல விட்டுட்டா போலீஸ் வேலைக்குப் போயிரலாம்ல?’ என்றான். எனக்கு அப்போது பதில் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை ஆனவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் விடுதலையான தீர்ப்பு எத்தனையில் ‘சந்தேகத்தின் பலன்’ என்ற வார்த்தை இல்லாமல் இருக்கிறது என்று எந்த வக்கீலையாவது கேட்டுப் பாருங்கள். தண்டனையே பெறாதவனுக்கு இந்த நிலை என்றால் என் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது எனக்கு முதலில் இடித்தது வழக்கு இல்லை, ஜிஎஸ்டி. நான் உள்ளே போன அடுத்த மாதம், 2017 ஜூலை 1 அன்று அது வந்தது. எனக்குத் தெரிந்த பழைய வரிகள், வாட், சிஎஸ்டி, எக்சைஸ், சர்வீஸ் டாக்ஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் போயிருந்தது. 2018 ஏப்ரலில் ஈ-வே பில், சரக்கு வண்டி கிளம்பும் முன் ஆன்லைனில் போட வேண்டிய சீட்டு, வந்தபோதும் உள்ளேதான் இருந்தேன். இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 என்றால் என்ன, 3பி என்றால் என்ன என்று மச்சான் மகனிடம் உட்கார்ந்து கேட்டேன். அவன் பிகாம் இரண்டாம் வருடம். ‘மாமா, ஐடிசி, அதாவது வாங்கும்போது கட்டின வரிக்குக் கிடைக்கிற கழிவு, மேட்ச் ஆகணும், அதான் விஷயமே’ என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான், கடைசி வரை ஒரு வார்த்தை வேறு எதையும் கேட்கவில்லை. அவனிடம் யாராவது கேட்காதே என்று சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த வயதில் கேட்காமல் இருப்பது பெரிய விஷயம்.

வீட்டுச் செலவை அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்டது என் மனைவி. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள், நான் மேனேஜராக இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் பட்ட பேச்சைப் பற்றி அவள்தான் எழுத வேண்டும், நான் எழுதினால் சரியாக இருக்காது.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். கோவையில் ஒரு நடுத்தர நிறுவனம், பம்பு மோட்டார் உதிரி பாகம் செய்கிறவர்கள், கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூவில் ஹெச்ஆர் அம்மாவிடம் வாயாலேயே சொல்லிவிட்டேன், இந்த வழக்கு, இந்தத் தண்டனை, இந்தத் தேதியில் வெளியே வந்தேன் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சரிங்க சார், பிஜிவி போகட்டும், பாத்துக்கலாம்’ என்றார். பிஜிவி என்பது பின்னணிச் சரிபார்ப்பு. வெளியே ஒரு ஏஜென்சிக்குக் கொடுப்பார்கள், அவர்கள் உங்கள் முகவரிக்கு ஆள் அனுப்புவார்கள், பழைய கம்பெனிக்குப் போன் செய்வார்கள், நீதிமன்றங்களின் இணையதளத்தில் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. க்ளியர்.

எப்படி என்று யோசித்தால் சிரிப்புதான் வரும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பான் கார்டில் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மட்டும். எஃப்ஐஆர் எழுதிய ஏட்டு என் பெயரை அவர் காதில் விழுந்த மாதிரி ஆங்கிலத்தில் எழுதினார், நீதிமன்றப் பதிவும் அப்படியே போனது. ஏஜென்சி தேடிய எழுத்துக்கூட்டலில் நான் சிக்கவில்லை. இதே காரணத்தால் வேறு யாரோ ஒருவரின் வழக்கு தன் தலையில் வந்து விழுந்து வேலை போனவர்களும் உண்டு. அப்படி ஒருவர், பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸுக்கே வந்தார், தன் பெயரில் இருக்கும் இன்னொரு ஆளுக்காக மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

ஹெச்ஆர் அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: ‘சார், க்ளியர்னு வந்துருச்சு. ஃபார்ம்ல இல்லைன்னு போட்டுருங்க. நீங்க சொன்னதை நான் மறந்துட்டேன்.’ ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சம்பளம் நன்றாக இருந்தது. மனைவியிடம் கூடக் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும், அது எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் ‘ஆம்’ என்று எழுதி, பக்கத்தில் வழக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். படிவம் எம்டி மேசைக்குப் போனது. ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இதை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லவில்லை. நான் ‘ஆம்’ எழுதியதற்குப் பாதிக் காரணம் பயம். பொய் சொல்லி வேலையில் சேர்ந்தால் எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் அந்தப் பொய்யே வேலையை விட்டு நீக்கப் போதும். உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வாக உட்கார்ந்து இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அரசு வேலை சம்பந்தப்பட்ட தீர்ப்பு, ஆனால் தனியார் ஹெச்ஆர்களும் அதைத்தான் வேதமாக வைத்திருக்கிறார்கள். கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது. சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் மன்னித்துவிடலாம். கேள்வி திட்டவட்டமாக இருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று பிடிக்கக் கூடாது. இதுவரை நன்றாகத்தான் போகிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் இருக்கிறது. உண்மையைச் சொன்னாலும், பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அதாவது பொய் சொன்னால் நிச்சயம் போகும், உண்மையைச் சொன்னால் போனாலும் போகும். எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல் கோபம் இல்லை. நானே ஒரு கம்பெனி வைத்திருந்தால் என்னைப் போன்ற ஒருவனை எடுக்க யோசித்திருப்பேன். எனக்கு உறுத்துவது வேறு. பரிசீலிக்கும் அந்த உரிமைக்கு ஒரு காலக்கெடு இல்லை. ஐந்து வருடம் கழித்தும் கேட்கலாம், இருபத்தைந்து வருடம் கழித்தும் கேட்கலாம்.

காலக்கெடு என்பதே நம் சட்டத்துக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். சிலருக்குத் தேதி போட்டே கொடுத்திருக்கிறது. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற அரசியல்வாதி, விடுதலையாகி ஆறு வருடம் ஆனதும் தேர்தலில் நிற்கலாம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8. வக்கீலாகப் பதிவு செய்ய விரும்புகிறவர், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தாலும், விடுதலையாகி இரண்டு வருடத்தில் அந்தத் தடை நீங்குகிறது, வழக்கறிஞர் சட்டம் 24-ஏ. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தண்டனை பெற்றவர் ஐந்து வருடம் கழித்து ஒரு கம்பெனிக்கு டைரக்டர் ஆகலாம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால்தான் எப்போதும் முடியாது, கம்பெனிகள் சட்டம் 164. சிறுவர்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் பெரும்பாலான வழக்குகளில் பதிவையே அழித்துவிடச் சொல்கிறது.

எனக்கு இந்தக் கணக்கு புரியவே மாட்டேன் என்கிறது. நான் இன்றைக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து அதன் டைரக்டராக உட்காரலாம். சட்டசபைக்கு நிற்பதற்கும் எனக்குத் தடை இல்லை, என் தண்டனை இரண்டு வருடத்தைத் தொடவே இல்லை. ஆனால் ஒரு வங்கியில் கிளார்க்காக முடியாது. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பிரிவு 10, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது, அதில் எத்தனை வருடம் என்ற பேச்சே இல்லை. ஜிஎஸ்டி பிராக்டீஷனராகவும், அதாவது மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் செய்யப் பதிவு பெற்றவராகவும், முடியாது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து.

கோவை சிறை என்றாலே எல்லோரும் வ.உ.சி. இழுத்த செக்கைத்தான் சொல்வார்கள். உள்ளே இருந்தவனுக்கு அந்தச் செக்கு ஒரு மாதிரி பழகிப்போய்விடும். நான் அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது வெளியே வந்த பிறகுதான், வேலை தேடிக்கொண்டிருந்தபோது. அவரோடு என்னைச் சேர்த்துப் பேச எனக்கு நாக்கு வராது, அவர் போனது நாட்டுக்காக, நான் போனது திருட்டுக்காக. ஆனால் ஆவணக் கண்ணோடு பார்த்தால், அவரும் சிறை சென்று திரும்பித் தன் தொழிலுக்குப் போக வழி தேடிய ஒருவர்.

கப்பல் விட்டதும் செக்கிழுத்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகான இருபத்து நான்கு வருடம் பெரும்பாலும் இருக்காது. 1908 ஜூலையில் தண்டனை, கோவை, பிறகு கண்ணூர், 1912 டிசம்பரில் விடுதலை. வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் (தொழில் செய்வதற்கான உரிமம்) இல்லை, தண்டனையோடு அதுவும் போய்விட்டது. சொந்த மாவட்டத்துக்குப் போக முடியாமல் சென்னையில் குடும்பத்தோடு இருந்து மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். பிறகு கோவைக்கு வந்து, எந்த ஊரில் செக்கிழுத்தாரோ அதே ஊரில், ஒரு வங்கியில் மேலாளராகவும் இருந்திருக்கிறார். (1949 சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் ராஜதுரோகத்தை ஒழுக்கக்கேட்டில் சேர்த்திருப்பார்களா என்று ஒரு வக்கீல் நண்பரோடு அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன், முடிவு கிடைக்கவில்லை.) வருமானம் போதவில்லை. மறுபடியும் வக்கீல் தொழில் செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. பிறகு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்து, 1936-ல் காலமானார்.

இந்தக் கதையில் எல்லோரும் வாலஸின் பெருந்தன்மையைப் பார்க்கிறார்கள், அல்லது மகனுக்குப் பெயர் வைத்த அந்த மனசைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ஒரு காகிதத்தால் பறித்தார்கள், இன்னொரு காகிதத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். விண்ணப்பம் போட ஓர் இடம் இருந்தது, அதைப் படித்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு ஆள் இருந்தார். அவ்வளவு கொடூரமான வெள்ளைக்கார அரசாங்கத்தில்கூட. இன்றைக்கும் சில தொழில்களுக்கு அந்த வாசல் இருக்கிறது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஒருவர் ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றால் பதிவேட்டில் இருக்க முடியாது, ஆனால் மத்திய அரசுக்கு விண்ணப்பித்து அந்தத் தடையை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், 1949 சிஏ சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கிடைக்கிறதோ இல்லையோ, கேட்க ஓர் இடம் உண்டு. நான் சிஏ இல்லை. இன்டர் வரை எழுதி ஒரு குரூப்பில் நின்றவன். சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிற லட்சக்கணக்கான பேரில் ஒருவன். எனக்கு எந்த மன்றமும் இல்லை, எனவே என்னை நீக்கவும் யாரும் இல்லை, சேர்க்கவும் யாரும் இல்லை. சிறைக்குள் அத்தனை பேருக்கு மனு எழுதினேன், வெளியே வந்து எனக்காக ஒன்று எழுத வேண்டும் என்றால் பெறுநர் என்ற இடத்தில் யாரைப் போடுவது?

கடைசியில் வேலை கிடைத்தது படிவம் இல்லாத இடத்தில். திருப்பூரிலேயே ஒரு ஆடிட்டர், வயதானவர், என் வழக்கு நடந்தபோதே விவரம் முழுக்கத் தெரிந்தவர், எங்கள் பழைய கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனிக்கு ஆடிட் செய்துகொண்டிருந்தார். மச்சான் போய்ப் பேசினார். போய் நின்றேன். ‘ஏனுங்க, ஜிஎஸ்டி தெரியுமுங்களா?’ என்றுதான் முதல் கேள்வியே. தெரியும் என்றேன், பாதிதான் தெரியும். ‘நாளைக்கு வாங்க. மூணு விஷயம். எந்த கிளையன்ட்டோட பேங்க் லாகினும் உங்ககிட்ட இருக்காது, ஓடிபி எல்லாம் அவங்க போனுக்கோ என் போனுக்கோதான் வரும், ரொக்கம் தொடக்கூடாது. சம்மதமுங்களா?’ சம்மதம் என்றேன். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த மூன்று நிபந்தனைகளைப் பற்றி நண்பர்கள் அவமானம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மேல் சந்தேகம் வந்தால் அவர் எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், நான் எதைத் தொடவில்லை என்று அவருக்குத் தெரியும். வாயால் ‘உங்களை முழுசா நம்புறேன்’ என்று சொல்லிவிட்டுப் பேனா காணாமல் போனால்கூட என் மேசையைப் பார்க்கிற இடத்தைவிட இது எவ்வளவோ மேல். இன்னொரு வகை ஆட்களும் உண்டு, ‘திருடனுக்குத்தானே ஓட்டை தெரியும், உங்களை வெச்சா ஆடிட் சூப்பரா நடக்கும்’ என்று முதுகில் தட்டுகிறவர்கள். பாராட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஓட்டை தெரிந்து பணம் எடுக்கவில்லை, சாவி என் கையில் இருந்தது, எடுத்தேன், அவ்வளவுதான்.

வேலை பிடித்துவிட்டது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள்தான் எங்கள் கிளையன்ட்டுகள். நூல் ஒருத்தர் பெயரில், துணி இன்னொருத்தரிடம், சாயம் மூன்றாவது இடத்தில், பில் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மாதம் 11-க்குள் ஒரு ரிட்டர்ன், 20-க்குள் ஒரு ரிட்டர்ன் ஃபைல் செய்தாக வேண்டும், 19-ஆம் தேதி இரவு போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பரபரப்பில் நான் யார் என்பது யாருக்கும் நினைவிருக்காது, எனக்கும்.

இரண்டு மூன்று வருடம் போன பிறகு ஆடிட்டரே சொன்னார், நீங்கள் பிகாம்தானே, ஜிஎஸ்டி பிராக்டீஷனராகப் பதிவு செய்துகொள்ளுங்கள், சின்ன கிளையன்ட்டுகளை நீங்களே தனியாகப் பார்க்கலாம் என்று. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 83-ஐ எடுத்துப் பார்த்தேன். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மனநலம் சரியாக இருக்க வேண்டும், திவாலானவராக அறிவிக்கப்பட்டிருக்கக் கூடாது, தகுதியுள்ள நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. நிறுத்தற்புள்ளி. என்ன குற்றம் என்று இல்லை, எவ்வளவு தண்டனை என்று இல்லை, எத்தனை வருடம் முன்பு என்று இல்லை. எழுதியிருக்கிறபடி பார்த்தால், கல்லூரிக் காலத்தில் ஒரு மறியலில் அபராதம் கட்டியவரும் நானும் அங்கே ஒன்றுதான். எம்எல்ஏவுக்கு ஆறு, டைரக்டருக்கு ஐந்து, வக்கீலுக்கு இரண்டு, அடுத்தவன் ரிட்டர்னை ஃபைல் செய்பவனுக்கு ஆயுள். இதை எழுதியவர்கள் யோசித்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய ஏதோ ஒரு விதியிலிருந்து வரியை எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் போன்ற குற்றத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தடை இருப்பது நியாயம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1974-லேயே சட்டம் போட்டு, குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். இப்போது ஓராண்டு வரையான சிறைத் தண்டனைக்கு, தண்டனை முடிந்து இன்னும் ஒரு வருடம் சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் அங்கேயும் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மாதிரிச் சில வேலைகளுக்கு விலக்கு இருக்கிறது, அவர்களிடம் பழையதைக் கேட்கலாம். நம் ஆட்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரில், மூன்று மாதத்துக்கு மிகாத சிறை என்றால் ஐந்து வருடம் ஒழுங்காக இருந்ததும் பதிவு காலாவதி ஆகும். என் ஓராண்டு அதில் வராது. சரி, வரவேண்டாம். அங்கெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றாவது தெரிகிறது. இங்கே 1958 நன்னடத்தைச் சட்டம் ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதல். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டுவிட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவருக்கு வராது என்கிறது 12-ஆம் பிரிவு. என் வக்கீலும் அதைக் கேட்டார். நம்பிப் பொறுப்பைக் கொடுத்த இடத்தில் செய்த குற்றம் என்று நீதிபதி மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

காகிதத்தைவிடப் பெரிய சிக்கல் இப்போது கூகுள். தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில், பெயரோடு. தன் வழக்கில் மேல்முறையீட்டில் முழுமையாக விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் இல்லை என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரையில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது, அந்தத் தீர்ப்பைப் போட்டிருந்த சட்ட இணையதளத்தையும் நீக்கச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. குற்றமே செய்யவில்லை என்று தீர்ப்பு வாங்கியவருக்கே இத்தனை அலைச்சல். என் தீர்ப்பை மறைக்க நான் கேட்கப் போவதில்லை, அது என் எழுத்துக்கூட்டல் பிழைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

என்னைப் போல வழக்கில் சிக்கி வந்தவர்கள் எப்படியோ என் நம்பரைத் தேடிப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் முதல் போன் மனைவியிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வரும். நான் சொல்வது இதுதான். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், அபராதம் கட்டிய ரசீது, விடுதலைச் சான்று, மூன்றையும் முதலில் வாங்கி வையுங்கள், பத்து வருடம் கழித்துக் கேட்டால் கோர்ட் ரெக்கார்டு ரூமில் நாள் கணக்கில் நிற்க வேண்டும். உங்கள் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் நீங்களே தேடிப் பாருங்கள், மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும். கேள்வியை இரண்டு முறை படியுங்கள். ‘நிலுவையில் உள்ளதா’ என்று மட்டும் கேட்டிருந்தால், முடிந்துபோன வழக்குக்கு ‘இல்லை’ என்பது பொய் ஆகாது. ‘எப்போதாவது’ என்று கேட்டால் ஆம்தான். சொல்வது என்று முடிவு செய்தால் ஆஃபர் வருவதற்கு முன்பே, முடிவெடுக்கிற ஆளிடமே, மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். பின்னணிக் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், நாம் சொல்ல ஆரம்பித்தால் நம்மை அறியாமல் அடுத்தவர் மேல் பழி போட ஆரம்பித்துவிடுவோம். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, முதலாளியே கணக்குப் பார்க்கிற இடங்களுக்குப் போங்கள். பாஸ்போர்ட் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால்தான் அந்தத் தடை.

ஆடிட்டருக்கு இப்போது முடியவில்லை, சிஏ முடித்துவிட்டு மகன் வந்து உட்கார்ந்திருக்கிறார். பெரிய கிளையன்ட்டுகள் வர ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் ஆபீஸில் வேலை செய்கிற எல்லோரைப் பற்றியும் ஒரு உறுதிமொழி கேட்கிறார். ‘அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, கேட்டா என்ன சொல்றது?’ என்றார் ஆடிட்டர் மகன், எங்களுக்கெல்லாம் தம்பி. ‘நானே சொல்றனுங்க’ என்றேன். அந்தக் கம்பெனியை எங்கள் ஆபீஸ் எடுக்குமா, எடுத்தால் நான் இருப்பேனா, இந்த மாதக் கடைசியில் தெரியும்.

பழைய கிளையன்ட்டுகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், ஒவ்வொருவராக. வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்று. இரண்டு பேர் அதற்குப் பிறகு நேராகத் தம்பியிடம் மட்டும்தான் பேசுகிறார்கள். ஒரு டையிங்காரர் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘தெரியுமுங்க, அப்பவே தெரியும். அதிருக்கட்டும், வண்டி லோடாயி நிக்குது, ஈ-வே பில்லு போட்டாச்சுங்களா?’ என்றார். போடவில்லை. உட்கார்ந்து போட்டேன்.